மூன்றாம் பக்கத்தில் பிடிபட்ட கொலைகாரர்கள்

சந்திரம்மாவிடம் ஒரு சட்டையைக் கொடுத்தால் போதும். அதைப் போட்டவன் மூக்குப்பொடி போடுகிறவனா, எந்தப் பக்கம் சாய்ந்து உட்காருகிறவன், வீட்டில் நேற்று சாம்பாரா மீன்குழம்பா, பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா இல்லையா, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுவாள். காக்ஸ் டவுனில் ஒரு மாப்பிள்ளையின் ஜிப்பாவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கல்யாணம் நடக்காது” என்று அவள் சொன்னதாகவும், மூன்றாம் நாளே மாப்பிள்ளை பம்பாய்க்கு ரயிலேறிவிட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை ரயிலேறியது உண்மை. மற்றது அவரவர் நம்பிக்கை.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் வீடு. காக்ஸ் டவுனில் கிருஷ்ணப்பாவின் லாண்டரியில் வேலை. துணிக்குக் குறி போடுகிறவள் அவள்தான். சேராங்கொட்டையை ஊசியால் குத்தினால் எண்ணெய் மாதிரி ஒரு சாறு கசியும். அதைத் தொட்டுத் துணி ஓரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போட்டு, மேலே கொஞ்சம் சுண்ணாம்பு தடவிவிட்டால் தீர்ந்தது. துணி கந்தலாகிப் போனாலும் குறி போகாது. இரண்டு புள்ளி ஒரு கோடு என்றால் டாக்டர் வீடு, ஏணி போட்டால் ராணுவ மேஜர் வீடு என்று நானூறு வீடுகளின் குறியும் அவள் தலைக்குள் இருந்தது.

எட்டாவது வரை படித்தவள். லாண்டரியில் சட்டைகளை மடித்துச் சுற்றப் பழைய செய்தித்தாள்கள் வரும். அதில் கொலைக் கேஸ் எங்கே இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் பாவம், எந்தக் கேஸும் அவளுக்கு முழுசாகக் கிடைத்ததில்லை. சாட்சி கூண்டில் ஏறி வாயைத் திறக்கும் இடத்தில் தாள் முடிந்துபோகும். மீதிப் பாதி எவருடைய சட்டையையோ சுற்றிக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போயிருக்கும். இப்படிப் பத்து வருஷத்தில் அவள் மனசில் தீர்ப்பு வராத கேஸ்கள் நூற்றுக்குமேல் தேங்கிக் கிடந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம், ஜூலை மாதம், நல்ல மழை. லாண்டரிக்கு இரண்டு கடை தள்ளி ஓஸ்வால்ட் நடத்திவந்த வாடகை நூலகத்துக்குள் அவள் ஒதுங்கினாள். ஓஸ்வால்ட் லிங்கராஜபுரத்துக்காரர். யாரையும் சும்மா நிற்க விடமாட்டார், ஒரு புத்தகத்தைக் கையில் திணித்துவிடுவார்.

“உள்ள வாம்மா, நனையாத. ஆனா தொடர்கதை எதுவும் கேக்காத, எல்லாம் வெளிய போயிருக்கு.”

“அது என்ன சார், அந்த மூலைல அடுக்கி வெச்சிருக்கீங்க?”

“அதுவா? அது திரட்டு. பத்துப் பன்னெண்டு பேர் எழுதின குட்டிக் குட்டிக் கதைங்க. எல்லாம் கொலை, களவு. ஒருத்தரும் எடுக்க மாட்டேங்குறாங்க. மனசு ஒட்றதுக்குள்ள முடிஞ்சுபோவுதாம்.”

சந்திரம்மா நின்றபடியே முதல் கதையைப் பிரித்தாள். பதினோரு பக்கம். முதல் பக்கத்தில் பிணம், பதினோராம் பக்கத்தில் கைவிலங்கு. நடுவில் ஒரு வரிகூட எவர் சட்டையையும் சுற்றிக்கொண்டு போகவில்லை! இரண்டாவது கதையைத் தொட்டாள். மழை விட்டது. அவள் விடவில்லை. கிருஷ்ணப்பா வந்து, “ஏனம்மா, கிராக்கி நிக்குது, நீ இங்க என்ன பண்ற?” என்று கேட்ட பிறகுதான் வெளியே வந்தாள். வரும்போது அவள் பெயரில் ஒரு கார்டு இருந்தது.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம் சந்திரம்மாவுக்கு மத்தியானக் கொலை நேரம் ஆயிற்று. இஸ்திரிப் பெட்டிகளில் கரி கனன்று தயாராவதற்கும் ஒரு கதை முடிவதற்கும் கணக்குச் சரியாக இருந்தது. இன்றைக்குச் சென்னைத் துறைமுகத்தில் ஒரு எழுத்தாளர் விஷம் வைத்தால் நாளைக்கு இன்னொருவர் ஊட்டி பங்களாவில் கத்தியை எடுப்பார். ஒருவர் எல்லாரையும் சந்தேகப்பட வைப்பார். இன்னொருவர் யாரையும் சந்தேகப்படவே விடாமல் கொஞ்சிக் கொஞ்சிக் கூட்டிப்போய்க் கடைசிப் பக்கத்தில் காலை வாருவார். நீளக் கதையில் ஒரே ஆளுடைய தந்திரத்தை வருஷம் முழுக்கப் பார்க்க வேண்டும். திரட்டில் பன்னிரண்டு திருடர்களோடு பன்னிரண்டு நாள் பழகலாம்.

நாலாவது திரட்டு முடிவதற்குள் அவளுக்குத் திரட்டுகிறவரின் மனசும் பிடிபட்டுவிட்டது. முதல் கதை நெய் மணக்கும். கடைசிக் கதை பாயசம். நடுவில் மூன்று கதைகள் வெறும் பூசணிக்காய்க் கூட்டு. கூட்டையும் ஒதுக்காமல் சாப்பிட்டாள். ஏனென்றால் அதில்தான் கண்டுபிடிப்பது சுலபம். எவன் வேலை மெனக்கெட்டு இரண்டு தடவை வந்து வெற்றிலைப் பெட்டியை நீட்டுகிறானோ, அவனைப் பிடித்தால் தப்பாது.

வீட்டில் கூட்ஸ் ஷெட் வேலை முடிந்து வந்த புருஷன் கோவிந்தன் தட்டின் முன்னால் உட்கார்ந்து மிரண்டான்.

“ஏய், என் மூஞ்சிய ஏன் இப்படிப் பாக்குற?”

“சும்னே பாத்தேன். ரெண்டு நாளா ரொம்ப நல்லவனா இருக்கியே, அதான்.”

“கட்டின புருஷன் நல்லவனா இருந்தா அதுக்கும் கேஸா?”

“நல்லவனா இருக்கறவன்தான்யா எட்டாம் பக்கத்துல மாட்டுவான்.”

இப்படி ஒரு வருஷம் போயிற்று. மறு வருஷம் ‘பச்சைக் குடை முதலிய பன்னிரண்டு மர்மக் கதைகள்’ என்று ஒரு திரட்டு வந்தது. சந்திரம்மா அதுவரை படித்ததிலெல்லாம் அதுதான் ராஜா. அதன் இரண்டாம் பாகம் சென்னையிலிருந்து ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தது. முதலில் அவளுக்குத்தான் என்று ஓஸ்வால்ட் சத்தியம் செய்துகொடுத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின திங்கள்கிழமை ஓஸ்வால்ட் அவளைக் கூப்பிட்டனுப்பினார். போனால் மேசைக்கு முன்னால் ஆராவமுதன் ‘பச்சைக் குடை’யும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். மைசூர் அரசாங்கத்தில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். நூலகத்துக்கு வந்தால் மேலே ஒரு வேதாந்தப் புத்தகமும் அதற்கடியில் ஒரு கொலைப் புத்தகமுமாக எடுத்துக்கொண்டு போவார். எடுக்கும்போது லெட்ஜரில் கையெழுத்துப் போட்டுப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதுவார். ஆபீஸ் பழக்கம், விடவில்லை.

“இவள்தானே எனக்கு முன்னாடி எடுத்தவள்?” என்று கேட்டார் ஆராவமுதன். “பார்த்துக்கோ ஓஸ்வால்ட். ஒவ்வொரு கதையிலும் மூணாம் பக்க ஓரத்துல குற்றவாளி யாருன்னு எழுதி வெச்சிருக்கா! சமையற்காரன்னு எழுதி, அடிக்கோடு வேற! நான் ஒரு நாளைக்கு ஒரு கதைன்னு கஞ்சத்தனமா வெச்சுண்டு படிக்கறவன். ஏழு நாளும் என்னைப் பட்டினி போட்டுட்டாள்!”

“நான் எழுதல சார்,” என்றாள் சந்திரம்மா.

“மசியைப் பார். கறுப்பும் இல்லே, காவியும் இல்லே. என் சட்டைக் காலர் ஒவ்வொண்ணிலும் இதே நிறம் இருக்கு. சேராங்கொட்டை! இந்தப் பேட்டையில் அதைத் தொட்டு எழுதறவா யார்?” துப்பறிந்த பெருமையில் அவருக்கு மூக்குக்கண்ணாடி நழுவியது.

சந்திரம்மா புத்தகத்தை வாங்கினாள். விரல் நுனியை நாக்கில் தொட்டு ஓரத்து எழுத்தைத் தேய்த்தாள். மண்ணிறமாகக் கரைந்து வந்தது.

“சேராங்கொட்டை தாள்ல பட்டா எண்ணெ பத்துப் பக்கம் ஊறும் சார். துணில இருந்தே போகாதது எச்சில்ல போகுமா? இது காப்பி. பால் ஊத்தாத டிகாக்ஷன்.”

“காப்பியா! பெங்களூர்ல பாதிப் பேர் காப்பி குடிக்கறா. நீ குடிக்கறதில்லையோ?”

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

“பதினோராவது கதைல கணக்குப்பிள்ளைன்னு எழுதியிருக்கு. இது தப்பு. முழுசாப் படிச்சவ நானு. நான் எழுதினா தப்பா எழுதுவேனா? அதுல கொன்னது...”

“சொல்லாதே!” ஆராவமுதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “நான் இன்னும் அங்கே வரலே! பார்த்தியா ஓஸ்வால்ட், உன் கண்ணெதிரிலேயே என்ன பண்றாள்! தப்பா எழுதினதும் குழப்பறதுக்காக வேணும்னே எழுதினதுதான்.”

ஓஸ்வால்டுக்குத் தர்மசங்கடம். பழைய வாடிக்கையாளர், அதுவும் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டவர். “சனிக்கிழமை வரைக்கும் கார்டு இங்க இருக்கட்டும்மா,” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். “அதுக்குள்ள வேற யாராவதுன்னு தெரிஞ்சா தர்றேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

கார்டு மேசை இழுப்பறைக்குள் போயிற்று. அதோடு இரண்டாம் பாகமும், அதற்கப்புறம் வரப்போகிற அத்தனை கொலைகளும் போயின. சந்திரம்மா லாண்டரிக்குத் திரும்பி, கலெக்டர் வீட்டுத் தலையணை உறையில் மேஜர் வீட்டு ஏணியைப் போட்டாள். அவள் ஆயுளில் முதல் தப்புக் குறி அது.

ஆனால் இரவு படுக்கும்போது மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கெடுக்க நினைக்கிறவன் முடிவு தெரிந்து எழுதுவான். அவன் எழுதினால் தப்பு வராது. தப்பு வந்திருக்கிறது என்றால், எழுதின ஆசாமிக்கு எழுதும்போது முடிவு தெரியாது. அப்படியானால் அது காட்டிக்கொடுத்தது அல்ல. ஊகம்! மூன்று பக்கம் படித்துவிட்டு, நாலாம் பக்கம் போகுமுன் பந்தயம் கட்டுகிற மாதிரி எழுதி வைத்த ஊகம். பன்னிரண்டில் பதினொன்று சரி! அவளே அந்தப் புத்தகத்தில் எட்டுக்குமேல் பிடிக்கவில்லை. ஆத்திரம் பாதி ஆச்சரியமாக மாறிவிட்டது.

வியாழக்கிழமை விடை அவள் மடியிலேயே வந்து விழுந்தது. அழுக்கு மூட்டையைப் பிரித்து ஒரு ஒன்பது கஜப் புடவையை உதறினாள். ஐயங்கார் வீடுகளில் பூஜைக்கும் சமையலுக்கும் கட்டுகிற மடிப்புடவை வெளியே போகாது. மத்தியானத்துக்குமேல் கட்டுகிற விழுப்புப் புடவைதான் லாண்டரிக்கு வரும். தலைப்பின் உள்பக்கத்தில் மெல்லிசான கோடுகள். காப்பிக் கோடுகள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பன்னிரண்டு! ஓரத்துக் குறியைத் திருப்பினாள். பிறைக்குக் கீழே மூன்று புள்ளி.

ஆராவமுதன் வீடு.

சந்திரம்மா சிரித்த சிரிப்பில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் கையைச் சுட்டுக்கொண்டான்.

மறுநாள் அந்தப் புடவையைத் துவைக்காமலே எடுத்துக்கொண்டு மத்தியானம் அவர்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினாள். முன்னறையில் ஆராவமுதனின் குறட்டை ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஜகதாம்பாள் கதவைத் திறந்தாள். ஐம்பத்தைந்து வயசு, வைரத் தோடு, கூர்மையான கண்.

“என்னடிம்மா, நீயே வந்துட்டே?”

“புடவைல கறை இருக்கும்மா. காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“காப்பி கொட்டிடுத்து.”

“கொட்டினா வட்டமா இருக்கும்மா. இது தீக்குச்சியத் தொடச்ச கோடு. பன்னெண்டு கோடு இருக்கு. பச்சைக் குடைல கதையும் பன்னெண்டு.”

ஜகதாம்பாள் குறட்டை வருகிறதா என்று ஒரு காதால் பார்த்துக்கொண்டாள்.

“நீ என்ன சொல்றேன்னே புரியலே,” என்றாள்.

“புரியலன்னா விடுங்கம்மா. ஆனா பன்னெண்டுல ஒண்ணு தப்பு.”

“தப்பா!” ஜகதாம்பாளுக்குக் குரல் எகிறியது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு குசுகுசுவென்று பொரிந்தாள். “எது தப்பு? அந்த எழுதினவன் தப்பு! டாக்டர் கொதிக்கிற பால்ல விஷத்தையும் எலுமிச்சம்பழச் சாத்தையும் கலந்து குடுத்தானாம், ஜமீன்தார் மடமடன்னு குடிச்சானாம். ஏண்டிம்மா, எலுமிச்சை விட்டா பால் திரியாதோ? திரிஞ்ச பாலை எந்த அசடு குடிப்பான்? கணக்குப்பிள்ளைதான் வெத்தலைல தடவியிருக்கணும். நான் எழுதினதை அழிக்க மாட்டேன்!”

“அட ஆமாம்மா!” சந்திரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “நாலாவது கதைல பாத்தீங்களா? வண்ணான் குறிய சோப்புப் போட்டு அழிச்சிட்டானாம். எந்த ஊரு சோப்பு அது? எனக்கு ஒரு கட்டி வாங்கித் தரச் சொல்லுங்க!”

இரண்டு பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள். குறட்டை ஒரு தடவை நின்று மறுபடி ஓடியது.

“மூணாம் பக்கத்துக்கு மேல படிச்சுட்டு, எனக்கு அப்பவே தெரியும்னு சொன்னா யார் நம்புவா?” என்றாள் ஜகதாம்பாள். “அதான் எழுதி வெச்சுட்டு நாலாம் பக்கம் புரட்டுவேன். சமையலுள்ளில பேனா ஏது? தீக்குச்சியும் டிகாக்ஷனும்தான். அவர் தூங்கற நேரம்தான் எனக்கு. அவர் படிக்கறது எனக்குத் தெரியாதுன்னு அவர் நெனச்சுண்டிருக்கார். நான் படிக்கறது அவருக்குத் தெரியவே தெரியாது.”

சந்திரம்மா கார்டு போன கதையைச் சொன்னாள். ஜகதாம்பாளின் முகம் சுருங்கியது.

“பெருமாளே! உன் தலைலயா விழுந்தது? ஆனா... என் பேரைச் சொல்லிடாதேடிம்மா. முப்பத்தாறு வருஷமா ஸ்தோத்திரப் புஸ்தகத்தைத் தவிர வேறெதையும் தொடாதவன்னு பேர் வாங்கியிருக்கேன்.”

“சொல்ல மாட்டேன்” என்ற வார்த்தை சந்திரம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. தெருமுனை திரும்பிய பிறகுதான், அந்த வாக்கோடு கார்டையும் கொல்லைப்படியிலேயே தொலைத்துவிட்டு வந்தது உறைத்தது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நூலகத்தில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். பார்சல் பிரிந்து, இரண்டாம் பாகமான ‘கண்ணாடி வளையல் முதலிய பதினான்கு மர்மக் கதைகள்’ மேசைமேல் பளபளத்தது. ஆராவமுதன் அதற்குப் பக்கத்தில் காவல் நின்றார்.

“என்ன, யார்னு கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சிட்டேன் சார்.”

“யாரு?”

“அதச் சொல்ல மாட்டேன். நான் எழுதலங்கறது மட்டும் சொல்றேன்.”

“பேஷ்! ஆளைக் காட்டாத துப்பறிவு எந்தக் கதைல உண்டு?” ஆராவமுதன் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். ஓஸ்வால்ட் இழுப்பறையைத் திறந்து கார்டை வெளியே எடுத்தார். கிழிக்க மனசில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சந்திரம்மாவின் கண் லெட்ஜர்மேல் இருந்தது. திங்கள்கிழமை பதற்றத்தில் மறந்துபோன ஒரு வரி அதில் இருந்தது, அது அவளைக் காப்பாற்றும். ஆனால் அந்த வரியைப் படித்தால் அடுத்த விரல் பிறை வீட்டைத்தான் காட்டும். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அப்போது வாசலில் ஒரு ஜட்கா வண்டி நின்றது. பட்டுப் புடவை சரசரக்க ஜகதாம்பாள் இறங்கி உள்ளே வந்தாள். அந்த நூலகத்தில் மடிசார் நுழைந்தது அதுதான் முதல் தடவை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தாமாகவே எழுந்து நின்றார்கள்.

“ஏன்னா, அவளை விடுங்கோ. எழுதினது நான்.”

ஆராவமுதன் அவள் பக்கம் திரும்பினார். “நீயா? சாத்தியமே இல்லே! நான் எடுத்துண்டு வரும்போதே அதுல எழுத்து இருந்தது!”

இனிமேல் மூடி வைக்க ஒன்றுமில்லை. “சார், லெட்ஜர்ல பன்னெண்டாம் தேதி பாருங்க,” என்றாள் சந்திரம்மா. “நான் பக்கத்துல நிக்கறப்பதான் எழுதினாரு.”

ஓஸ்வால்ட் புரட்டி உரக்கப் படித்தார்: “‘பக்கங்கள் யாவும் சரிபார்க்கப்பட்டன. ஓரங்கள் சுத்தம். கறை ஏதுமில்லை. ஆராவமுதன்.’”

நூலகமே அவர் முகத்தைப் பார்த்தது. பார்த்துத்தான் எழுதினேன் என்றால் சந்திரம்மா நிரபராதி. பார்க்காமல் எழுதினேன் என்றால் முப்பது வருஷத்துக் கோப்பு ஒவ்வொன்றும் சந்தேகத்துக்கு வந்துவிடும். மனுஷர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“பார்த்துத்தான் எழுதினேன்,” என்றார் கடைசியில்.

யாரோ கை தட்டினார்கள். ஓஸ்வால்ட் கார்டை இரண்டு கையாலும் சந்திரம்மாவிடம் நீட்டினார். “மன்னிச்சுக்கம்மா.”

“எனக்கும் ஒரு கார்டு போடுங்கோ,” என்றாள் ஜகதாம்பாள். “என் பேர்லயே. சந்திரம்மா படிச்சப்புறம் எனக்கு. எனக்கப்புறம் இவருக்கு.”

“ஜகதா, அவ ஒரு வாரம், நீ ஒரு வாரம்... நான் பதினஞ்சு நாள் காத்திருக்கணுமா?”

“வேதாந்தம்தான் இருக்கே, படியுங்கோ.”

ஓரத்தில் எழுதக் கூடாது, துண்டுச் சீட்டில் எழுதி உறையில் போட்டு ஒட்ட வேண்டும் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. அறுபத்தைந்தாம் வருஷ வாக்கில் ஓஸ்வால்டின் கடையில் திரட்டுக்கு அடிபிடி. தொடர்கதைகள் மூலைக்குப் போயின. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கொல்லைப்படியில் இரண்டு பேரின் உறைகளும் பிரியும். சந்திரம்மா ஜெயித்த வாரங்களில் ஜீவனஹள்ளிவரை சிரித்துக்கொண்டே நடப்பாள். ஜகதாம்பாள் ஜெயித்த வாரங்களில் அவ்வளவு தூரமும் எழுத்தாளரைத் திட்டிக்கொண்டே நடப்பாள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்தச் சனிக்கிழமை சந்திரம்மா ‘கண்ணாடி வளையல்’ புத்தகத்தைக் கையில் எடுத்தாள். புதுத் தாளின் வாசனை. பதினான்கு பிணங்கள், ஒன்றையும் இன்னும் யாரும் தொடவில்லை. நின்ற இடத்திலேயே முதல் பக்கத்தைப் பிரித்தபடி வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

“சந்திரம்மா,” என்றார் ஆராவமுதன், மூச்சு வாங்க. அவள் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. “முடிவை மட்டும் சொல்லிடாதே.”

“நீங்க பதினஞ்சு நாளைக்கு லாண்டரிப் பக்கம் வராதீங்க சார்,” என்றாள் அவள், தலை நிமிராமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே. “என் வாய்க்கு நான் ஜாமீன் கிடையாது.”